தடம் முடியும் இடத்தில் உரிமையும் முடிகிறது

சிங்கப்பூரில் வாரயிறுதிக் காலை வேளைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்டுப்பக்கம் போகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். தார்ச்சாலையிலும் ஓடும், சரளையிலும் செம்மண்ணிலும் ஓடும் என்ற வசதியால் ‘கிராவல் பைக்’ எனப்படும் அகன்ற டயர் சைக்கிளுக்குத் தனி மவுசு. அடுக்குமாடிக்கும் அலுவலகத்துக்கும் இடையே வாரம் முழுவதும் அடைபட்டுக் கிடப்பவர் மரநிழலைத் தேடிப் போவதில் குற்றமில்லை; உடலுக்கும் மனத்துக்கும் அது நல்லதே. குற்றம் வேறிடத்தில் தொடங்குகிறது. அனுமதித்த தடத்தை விட்டு, காப்பு வனத்துக்குள்ளும் சதுப்பு நிலத்துக்குள்ளும் சக்கரத்தை இறக்குவது தவறு. சட்டப்படி மட்டுமன்று, அறத்தின்படியும் தவறு.

ஓட்ட இடமில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. 2011இல் ரயில் ஓட்டம் நின்றபின் மக்களுக்குக் கிடைத்த பழைய மலாயா ரயில் பாதை, 24 கிலோமீட்டர் நீளத்துக்குத் தீவின் தெற்கையும் வடக்கையும் இணைக்கிறது. புக்கிட் தீமா வனத்தின் விளிம்பை ஒட்டி மலைச்சைக்கிள் தடம் இருக்கிறது. 81 ஹெக்டர் பரப்புள்ள செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் நடப்பவருக்கு ஒரு வழி, ஓட்டுபவருக்கு வேறு வழி என்று பிரித்தே அமைத்திருக்கிறார்கள். படகேறிப் புலாவ் உபின் போனால் கருங்கல் உடைத்த பழைய தீவின் மண்சாலைகளும் கெத்தாம் சைக்கிள் பூங்காவும் காத்திருக்கின்றன.

இத்தனை இருந்தும் மண்டாய் வட்டாரத்தில் ‘டி15’ என்று சைக்கிளோட்டிகள் பெயரிட்டழைக்கும் தடத்தின் கதை நமக்குத் தெரியும். அது மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதிக்குள் செல்லும் அனுமதியற்ற தடம். தேசியப் பூங்காக் கழகம் எச்சரித்தது. பிடிபட்டவர்கள் நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. அறியாமல் நுழைந்தோம் என்பவர் சிலர் இருக்கலாம். ஆனால், எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு அதைத் தாண்டிப் போகிறவர், போய்வந்த வழியைக் கைப்பேசிச் செயலியில் பதிவேற்றிப் பத்துப் பேருக்கு வழிகாட்டுகிறவர், அறியாமையின் பின்னால் ஒளிந்துகொள்ள இயலாது.

அந்த வனத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் தன் ஆதிக் காட்டில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இழந்துவிட்ட நாடு. எஞ்சிய துண்டுகளில் அழுங்கும் சருகுமானும் உயிர் பிழைத்திருக்கின்றன. ராஃபிள்ஸ் பட்டை லங்கூர் என்னும் இலைதின்னிக் குரங்குகள் இந்தத் தீவில் நூறுகூட இல்லை. நாட்டில் எஞ்சியுள்ள ஒரே பெரிய நன்னீர்ச் சதுப்புக்காடான நீ சூன், இதே நீர்ப்பிடிப்பு வனத்துக்குள்தான் இருக்கிறது. உலகில் வேறெங்கும் காணப்படாத ஒரு நன்னீர் நண்டினம் அதன் ஓடைகளை நம்பி வாழ்கிறது. அந்த ஓடை கலங்கினால், தப்பிப் போக அதற்கு இன்னோர் ஓடை கிடையாது.

ஒரு டயர் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள், மழைக்கு மறுநாள் ஒரு காட்டுத்தடத்தைக் குனிந்து பார்க்கட்டும். முதலில் சக்கரம் சருகுப் போர்வையை விலக்குகிறது. அடியிலிருக்கும் மண் அழுந்தி இறுகுகிறது. நீரை உறிஞ்சும் தன்மையை இழக்கிறது. இறங்குமுகத்தில் பிரேக் பிடித்துச் சறுக்கிய இடம் நீண்ட வாய்க்காலாகிறது. அடுத்த மழையில் நீர் அந்த வாய்க்கால் வழியே விரைந்து மண்ணை அரித்து ஓடையில் சேர்க்கிறது. மரவேர்கள் தோலுரிந்து வெளியே தெரிகின்றன. நடுவில் சேறு நின்றால், பின்னால் வருபவர் அதைத் தவிர்க்க ஓரத்துச் செடிகளின்மேல் ஏற்றிச் செல்கிறார். இப்படியே ஓரடித் தடம் ஆறடி ஆகிறது. ஒருவர் போனது ஒரு தடவைதான். ஆனால், அவர் திறந்துவிட்ட வழி மூடுவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

சதுப்பு நிலத்தின் நிலைமை இன்னும் நுட்பமானது. செப்டம்பர் முதல் மார்ச் வரை வடக்கேயிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வரும் கரைப்பறவைகள் சுங்கை புலோ காப்பகத்தின் சேற்றுநிலங்களில் இறங்கி இரை தேடுகின்றன. அங்கே அவை சேர்த்துக்கொள்ளும் கொழுப்புதான் திரும்பும் பயணத்துக்கான வழிச்சோறு. அருகே ஏதோ விரைகிறது என்று அஞ்சி அவை எழும்பும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பு கரைகிறது. அங்கே சைக்கிள் ஓட்டத் தடை விதித்திருப்பது பறவைகளின் உயிர்க்கணக்கைப் பார்த்துத்தான். அதைக் கெடுபிடி என்பது பொருந்தாது.

நடப்பவர்களின் காலடியும் மண்ணை அரிக்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். உண்மை. மிதிபட்டுத் தேய்ந்த பாதைகளையும் சரிந்த மண்மேடுகளையும் சீர்செய்வதற்காகப் புக்கிட் தீமா வனம் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. முழுமையாகத் திறக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆகவே, தடம் விலகி நடப்பவருக்கும் இதே தீர்ப்புதான். ஆனால், மற்றவர் செய்யும் சேதம் நம் சேதத்துக்கு நியாயம் ஆகாது. ஒரு மணி நேரத்தில் நடப்பவரைவிடப் பன்மடங்கு தூரம் கடப்பவர் கூடுதல் கவனத்தோடு இருப்பதே முறை.

இன்னொரு வாதம் வலுவானது. அரசாங்கமே காட்டைப் பிளந்து சாலை போட்டிருக்கும்போது, எங்கள் இரண்டு சக்கரம் மட்டுமா உறுத்துகிறது என்கிறார்கள். 1986இல் முழுமை பெற்ற புக்கிட் தீமா விரைவுச்சாலை, அதுவரை ஒன்றாயிருந்த காட்டை இரண்டாக்கியது உண்மை. விலங்குகள் கடந்துபோக அதன்மேல் ஒரு பசுமைப் பாலம் அமைய 2013 வரை ஆனதும் உண்மை. வளர்ச்சித் திட்டங்களுக்காகக் காட்டை விட்டுக்கொடுக்கும் அரசைக் கேள்வி கேட்பது குடிமக்களின் கடமை. அந்தக் கேள்வியை நாமும் கேட்கிறோம். ஆனால், பெரிய காயம் ஏற்கெனவே இருக்கிறது என்பது புதிய காயம் உண்டாக்க உரிமம் தருவதில்லை. துண்டான காட்டுக்குத்தான் கூடுதல் காவல் தேவை.

இந்த இடங்கள் தாமாகப் பிழைத்து நின்றவையும் அல்ல. 1986இல் பறவை ஆர்வலர்கள் சுங்கை புலோவின் அருமையைக் கண்டு, காக்க வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். அதனால்தான் 1993இல் அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002இல் காப்பகத் தகுதி பெற்றது. உபினின் செக் ஜாவா கடலோரச் சதுப்பைத் தூர்த்து நிலமாக்கும் திட்டம் 2001 இறுதியில் நிறுத்திவைக்கப்பட்டதும் பொதுமக்களின் வற்புறுத்தலால்தான். இன்றும் அங்கே போகும் சைக்கிளோட்டி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அலையாத்தி மரங்களுக்கிடையே பலகைப் பாதையில் நடந்தே போக வேண்டும். அந்த விதி மிகச் சரியான விதி. சரளைச்சாலை வரை சக்கரம், சதுப்பு தொடங்கினால் கால். காட்டை நேசிப்பதாகச் சொல்பவரின் நேசம், அந்த வாசலில் இறங்கும்போதுதான் மெய்ப்படுகிறது.

சைக்கிள் குழுக்களுக்கு இதில் பெரிய பொறுப்பு உண்டு. புதிதாகச் சேர்பவருக்கு எந்தத் தடம் அனுமதிக்கப்பட்டது என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும். அனுமதியற்ற வழிகளைப் பதிவேற்றியிருந்தால் இன்றே நீக்க வேண்டும். பெருமழை பெய்த மறுநாள் மண் தடத்தை விட்டுவிட வேண்டும். காப்பு வனத்துக்குள் இரவில் விளக்கெரித்துக்கொண்டு நுழைவதை அறவே நிறுத்த வேண்டும். அந்த நேரம் அழுங்கு இரை தேடும் நேரம்.

அரசும் அபராதத்தோடு கடமை முடிந்ததாகக் கருதக் கூடாது. ஆர்வலர் பெருகப் பெருக, காப்பு வனங்களுக்கு வெளியே உள்ள நிலங்களில் சரளைத் தடங்களை நீட்டித்துத் தர வேண்டும். எது திறந்த தடம், எது மூடிய தடம் என்பதைத் தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளிலும் அந்தந்த முகப்பிலேயே தெளிவாக எழுதி வைக்க வேண்டும்.

சைக்கிளோட்டியின் மகிழ்ச்சிக்கு மாற்று வழிகள் இருக்கின்றன. நீ சூன் ஓடையின் நண்டுக்கு மாற்று இடம் எதுவும் இல்லை. இரண்டில் எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. அனுமதித்த தடத்தில் ஆசைதீர ஓட்டுங்கள். அது முடியும் இடத்தில் வண்டியைத் திருப்புங்கள்.