உப்புப் பார்க்கும் முறை

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது முதுமொழி. ஆகவே, சமைப்பவர் சுவைத்துப் பார்த்தே இறக்க வேண்டியவராகின்றார். ஆயின், சுவைக்கும் முறையும் சுகாதாரத்துக்கு ஏற்றதாக அமைய வேண்டுமன்றோ? இவ்வாரம் அதனைச் சிறிது ஆராய்வோம்.

எச்சில் என்னும் சொல்லுக்கு எமது முன்னோர் பெரிதும் அஞ்சினர். நிவேதனத்துக்கு ஆக்கும் பொங்கலையும் மோதகத்தையும் படைக்குமுன் எவரும் சுவைத்துப் பார்ப்பதில்லை. கண்ணளவும் கைப்பழக்கமுமே அங்கே துணை. ஏனைய நாட்களில் அகப்பையை வாயில் வையாது, சில துளிகளை உள்ளங்கையில் விட்டுச் சுவைப்பது பழைய வழக்கம். சட்டிக்குள் எச்சில் புகாமற் காத்த நல்வழக்கம் அது. ஆயினும், நக்கிய கையைக் கழுவாமலே மறுகணம் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடுவோமாயின் அக்காவல் பயனற்றுப் போகின்றது.

"கொதிக்கும் கறியிற் கிருமி சாகாதோ?" எனச் சிலர் வினவுவர். பெரும்பாலான கிருமிகள் கொதியில் அழிவது உண்மையே. ஆனால் நாம் உப்புப் பார்ப்பது எப்பொழுது? பெரும்பாலும் இறக்கும் வேளையிலும் இறக்கிய பின்னுமே. சொதியை நோக்குக. முதற்பால் விட்டபின் மிகக் கொதிக்க விட்டால் அது திரைந்துவிடும். ஆகவே பொங்கி வருமுன் இறக்கி, சூடு தணிந்ததும் தேசிக்காய்ப் புளி விட்டு, உப்பும் புளியும் பார்க்கின்றோம். அப்பொழுது அகப்பையோடு சென்ற எச்சிலைச் சுடுவதற்கு நெருப்பில்லை. சம்பலும் பச்சடியுமோ அரைத்துக் கலந்தபின் அடுப்பையே காணாதவை.

மேலும், மனிதரின் மூக்கிலும் தோலிலும் வாழும் ஸ்டபிலோகொக்கஸ் என்னும் கிருமி, கைவழியாக உணவிற் சேர்ந்து பெருகினால் நஞ்சை உண்டாக்கும். பின்னர் சுடவைத்தால் கிருமி சாகுமேயன்றி அந்நஞ்சு எளிதில் அழியாது. ஆக்கிய உணவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருத்தலாகாது என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. மதியம் ஆக்கிய கறியை இரவிலும் உண்ணும் வீட்டார் இதனை மனத்திற் கொள்க.

செய்ய வேண்டுவது மிக எளிது. அடுப்பருகே ஒரு சிறு கிண்ணமும் கரண்டியும் வைத்துக் கொள்க. அகப்பையாற் சிறிது குழம்பை எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றி, கரண்டியாற் சுவைக்க. வாயில் வைத்த கரண்டி மீண்டும் சட்டியை நாடலாகாது. கிண்ணத்தில் எஞ்சியதையும் சட்டியில் ஊற்றலாகாது. இதனால் வேறொரு நன்மையும் உண்டு. கொதிக்கும் குழம்பு நாவைச் சுடுமேயன்றி உப்பின் அளவை உணர்த்தாது. சற்று ஆறியபின்னரே சுவை தெளிவாகத் தோன்றும்.

வடைக்கு அரைத்த மாவையும், முட்டையோ இறைச்சியோ சேர்ந்த பச்சைக் கலவையையும் நாவில் வைத்துப் பார்த்தல் கூடாது. சிறிது பொரித்தெடுத்துச் சுவைப்பதே முறை. தடிமன், இருமல் உள்ளவர் உப்புப் பார்க்கும் பொறுப்பைப் பிறரிடம் விடுதல் நன்று. வயிற்றோட்டம் உள்ளவர் அது முற்றாக நீங்கும்வரை அடுக்களைப் பக்கமே செல்லலாகாது.

தாய்மாருக்கு ஒரு சொல். தன் வாயில் வைத்துச் சூடு பார்த்த கரண்டியாலேயே குழந்தைக்குக் கஞ்சி ஊட்டுவது அன்பின் செயல்தான். ஆயினும், பற்சூத்தையை விளைக்கும் கிருமி தாயின் உமிழ்நீர் வழியே குழந்தையின் வாயை அடைவதுண்டு. சூட்டை அறிய மணிக்கட்டில் ஒரு துளி விட்டாற் போதும்.

ஆடவருக்கும் ஒரு சொல் உண்டு. உண்ண அமர்ந்ததும் "உப்புக் காணாது" என முகஞ் சுழிக்கின்றோம். அதற்கு அஞ்சியே சமைப்பவர் பன்முறை அகப்பையை வாய்க்குக் கொண்டு செல்கின்றார். குறைந்த உப்பைக் கோப்பையில் இட்டுக் கலந்து கொள்ளலாம். கறியிற் கலந்த நோய்க்கிருமியைப் பிரித்தெடுக்க எவராலும் இயலாது.