கரகாட்டக்காரனில் ஊர் இருக்கிறது, சேரி எங்கே?

பொங்கலுக்கு ஏதாவது ஒரு சேனலில் ‘கரகாட்டக்காரன்’ போட்டுவிட்டால் போதும். செஞ்சியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் விட்ட வசனத்தை அடுத்த வீட்டு வாசலில் பிடித்துக்கொள்ளலாம். வாழைப்பழக் காட்சிக்குப் பிள்ளைகள் ஓடிவருவார்கள். என் அத்தை வரமாட்டார். அடுப்படியில் இருந்தபடியே காது கொடுத்துக்கொண்டிருப்பார். கடைசியில் தீமிதிப் பாட்டு தொடங்கும்போதுதான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் உட்காருவார்.

அத்தை கரகம் ஆடியவர். பதினாறு வயதிலிருந்து கல்யாணம்வரை, திண்டிவனம், ஆரணி, திருவண்ணாமலைப் பக்கமெல்லாம் ஆடி மாதம் முழுக்க ஊர் ஊராகப் போனவர். இன்று அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் அதைப்பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

1989 ஜூனில் வெளியான படம். மதுரையில் ஒரு வருடத்துக்கும் மேல் ஓடியது. கங்கை அமரன் இயக்கம், ராமராஜனும் கனகாவும் ஜோடி, இளையராஜா இசை. பாட்டுக்காகவும் கவுண்டமணி–செந்திலுக்காகவும்தான் இன்னும் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிடலாம், அது பாதி உண்மை. மீதிப் பாதி, கூலிக்கு ஆடும் இருவரை அந்தப் படம் கதாநாயகனாகவும் கதாநாயகியாகவும் நிறுத்தியது. அவர்களுக்கு வீடு உண்டு, அம்மா உண்டு, ரோஷம் உண்டு. 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ நாதஸ்வரத்துக்கும் பரதத்துக்கும் கொடுத்த கௌரவத்தை இது தெருவில் ஆடுகிறவர்களுக்குக் கொடுத்தது. அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராகப் பாடி வளர்ந்த தம்பிகள் எடுத்த படம் அல்லவா? குழுவுக்குள் நடக்கும் சண்டையும் நக்கலும் அவ்வளவு உயிரோடு இருப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அந்த ஓட்டைக் கார் காட்சியில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது அத்தை மட்டும் சிரித்து நான் பார்த்ததில்லை. திரையில் வராத சொப்பன சுந்தரியை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்பதுதானே ஜோக்? ஆடப் போன பெண்ணிடம் ஊர் ஆண்கள் கேட்ட கேள்வியும் அதுதான். நானும் பல வருடம் சிரித்தவள்தான்.

படத்தில் யாரும் யாரிடமும் சாதி கேட்பதில்லை. காதலுக்குத் தடையாகப் பணமும் பொறாமையும் பண்ணையார்த்தனமும் வருகின்றன, சாதி வருவதில்லை. கேட்க வேண்டிய அவசியமே வராதபடி கதையில் ஒரு முடிச்சு இருக்கிறது: நாயகனின் அம்மாவும் நாயகியின் அப்பாவும் உடன்பிறந்தவர்கள். ஆக, ஊரை எதிர்த்துக் காதலித்த பெண் கடைசியில் முறைப்பெண்! அகமணமுறைக்கு ஒரு கீறல்கூட விழாமல் காதல் ஜெயித்துவிடுகிறது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க இதைவிடப் பாதுகாப்பான காதல் கிடைக்குமா என்ன?

கரகத்தில் இரண்டு வகை உண்டு. சக்தி கரகம் சாமியுடையது. விரதம் இருந்து எடுப்பார்கள், தெருவே காலில் தண்ணீர் ஊற்றும். ஆட்டக் கரகம் காசு கொடுத்துக் கூப்பிட்டு ஆடவைப்பது. முதலாவதற்குக் கிடைக்கும் மரியாதையில் ஒரு துளியும் இரண்டாவதற்குக் கிடையாது. படத்தின் உச்சக்காட்சி இந்தக் கோட்டை அழித்துவிடுகிறது. கூலிக்கு ஆடியவர்கள் அம்மன் முன்னால் தீயில் இறங்குகிறார்கள், ஊர் கையெடுத்துக் கும்பிடுகிறது. அத்தை ஈரக்கையோடு வந்து உட்காருவது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். அவர் ஆடிய ஊர்களில் கோயில் வாசல்வரை ஆட்டம், சாப்பாடு மட்டும் தனியாக. “ஆடி முடிச்சா சேலை மாத்த எடம் எங்க குடுத்தாங்க, அதக் காட்டச் சொல்லுடி பாப்பா” என்று ஒருமுறை என்னிடம் கேட்டார்.

தீமிதி எங்கள் மாவட்டத்தில் சினிமாக் காட்சி அல்ல. பாரதக் கூத்து நடந்து, திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கும் மண் இது. விழுப்புரம் அருகே மேல்பாதியில் 2023 ஏப்ரலில், திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின்போது உள்ளே போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆனது. கரகாட்டக்காரன் வந்து 36 வருடம் கழித்து.

2018இல் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. அதில் பரியனின் அப்பா பெண் வேடமிட்டு ஆடும் கலைஞர். நிஜத்திலும் நாட்டுப்புறக் கலைஞரான தங்கராசு அந்த வேடத்தில் நடித்தார். அவரை நடுரோட்டில் வேட்டி உருவி ஓடவிடும் காட்சியை அத்தையால் பார்க்க முடியவில்லை, எழுந்து போய்விட்டார். அதுதான் உண்மை, கரகாட்டக்காரன் பொய் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆய்வேட்டில் ‘சாதி மறைப்பு’ என்று நானும் எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் தனக்குக் கிடைக்காத ஒன்றைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணை ஏமாந்தவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தைக்குப் பொய் எதுவென்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.

போன காணும் பொங்கலுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். டிவியில் இதே படம். மாப்பிள்ளையின் அம்மா, “எவ்ளோ அழகா ஆடுது பாருங்க அந்தப் பொண்ணு” என்று ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று தீமிதிக்கு வெளியே வரவில்லை.