நெற்றியில் ஒரு பொட்டு

கிள்ளானில் இருக்கும் என் மாமாவுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. கணினிதான் அவருக்குக் கை. நெற்றியில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்னப் பொட்டு. திரைமேல் இருக்கும் ‘ஹெட்மவுஸ்’ கருவி அகச்சிவப்பு ஒளியால் அதைப் பின்தொடரும். தலை போகும் பக்கம் சுட்டியும் போகும். ஓரிடத்தில் சற்று நிறுத்தினால் கிளிக்.

பழைய பெட்டி மானிட்டர் மேல் கருவி சும்மாவே உட்கார்ந்திருந்தது. நான் ஆசையாய் வாங்கிக் கொடுத்த தட்டைத் திரைக்கோ விரலகல விளிம்புதான். இருபக்க டேப்பால் ஒட்டிவிட்டு வானொலி நிலையத்துக்கு ஓடிவிட்டேன்.

மதியமே விழுந்துவிட்டது. வீட்டிலிருந்த பாட்டிக்கு அதைத் திரும்ப மாட்டத் தெரியவில்லை. எனக்கு வாட்ஸ்அப் அனுப்பவும் மாமாவுக்கு அந்தச் சுட்டிதானே வேண்டும்? அத்தை வேலை முடிந்து வரும்வரை ஆறு மணி நேரம் சும்மா இருந்திருக்கிறார். வானொலியில் பத்து விநாடி சத்தமில்லை என்றாலே நாங்கள் பதறிவிடுவோம்!

ஞாயிற்றுக்கிழமை ஹார்ட்வேர் கடையில் ‘எல்’ வடிவத் தகடு வாங்கினேன். திரையின் முதுகில், சுவரில் மாட்டுவதற்கென்றே 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் உண்டு. அவற்றில் தகட்டை முடுக்கி, விளிம்புக்கு மேலே நடுவில் கருவியை வெல்க்ரோவால் பதித்தேன். முகத்தைப் பார்க்கும்படி சாய்த்தேன். ஜன்னல் வெயில் நேரே படாதபடி மேசையைத் திருப்பினேன். கேபிளையும் தகட்டோடு கட்டியாயிற்று. கழன்றாலும் தொங்கும், கீழே விழாது.

வீடு போய்ச் சேர்வதற்குள் மாமாவின் செய்தி வந்திருந்தது: “அந்த டேப்பை ஏன் இங்கேயே விட்டுட்டுப் போனே?”