தடை வேண்டாம், பட்ஜெட் போடுங்க!

"டிவி, வீடியோ கேம்... எங்க வீட்டுல மூச்!" என்று பெருமைப்படும் பெற்றோர்களே, ராத்திரி சீரியல் பார்ப்பது யாருங்க?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: 2 வயதுக்கு முன் திரையே வேண்டாம், 2 முதல் 4 வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது. நாலு வயசுக்கும் பூஜ்யம் என்று சொல்லவில்லை.

என் அக்கா பையனுக்கு நாலு வயசு. வீட்டில் தடை. பயல் பக்கத்து வீட்டு ஜன்னலில் தொங்கி, கணக்கில்லாமல் பார்க்கிறான்! கூட உட்கார்ந்து அரை மணி பார்த்துவிட்டு அணைத்தேன். அழுதான். நாலாம் நாள் அவனே ரிமோட்டை நீட்டினான்.

பி.காம். படிக்கிறவன் சொல்றேன்: செலவே கூடாது என்பது பட்ஜெட் இல்லை. எவ்வளவு என்று முடிவு பண்ணி, கூடவே இருந்து கணக்குப் பார்ப்பதுதான் பட்ஜெட். தடை போடுவது சுலபம். கூட உட்காரத்தான் நமக்கு நேரமில்லை!