மேக்னிஃபிகல் என்று எழுதலாமா?

'மேக்னிஃபிசன்ட்' தெரியும். அதென்ன 'மேக்னிஃபிகல்'? அச்சுப் பிழையா?

பிழை இல்லை. 1611-ல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில், முதலாம் நாளாகமம் 22-ம் அதிகாரம் 5-ம் வசனத்தில் இந்தச் சொல் இருக்கிறது. ஆண்டவருக்கு ஆலயம் கட்டப் போகிறவன் சாலொமோன். வயதோ குறைவு. ஆலயமோ எல்லா நாடுகளிலும் பேர் பெறும்படி இருக்க வேண்டும். எனவே தகப்பன் தாவீது, தேவையான பொருள்களை முன்கூட்டியே சேர்த்து வைக்கிறார். அந்த ஆலயம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் வார்த்தைதான் 'மேக்னிஃபிகல்'.

லத்தீனில் 'மேக்னஸ்' என்றால் பெரிய. அதோடு 'செய்தல்' என்ற பொருள் தரும் வேர்ச்சொல் சேர்ந்தது. அளவில் பெரியது என்பது மட்டுமல்ல, கம்பீரமும் அழகும் கூடியது என்று அர்த்தம். மேக்னிஃபை, மேக்னிட்யூட் எல்லாம் இதன் உறவுக்காரர்கள்தான்.

'மேக்னிஃபிக்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. மில்டன் தன் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார். மூன்று பேரில் இன்று தினசரிப் புழக்கத்தில் நிலைத்திருப்பது மேக்னிஃபிசன்ட் மட்டுமே. 1982-ல் முழுமையாக வெளிவந்த நியூ கிங் ஜேம்ஸ் பதிப்பும் அதே வசனத்தில் மேக்னிஃபிசன்ட் என்று மாற்றிவிட்டது.

அகராதியில் ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் 'ஆர்கெய்க்' என்று போட்டிருந்தால், பழைய நூல்களில் பார்க்கலாம், இன்றைய பேச்சில் வராது என்று பொருள். 'அப்சலீட்' என்றிருந்தால் அடியோடு வழக்கொழிந்தது.

'மாட்சிமை பொருந்திய' என்று மன்னரைச் சொன்னால் சரி. 'மாட்சிமை பொருந்திய சாம்பார்' என்றால்? சிரிப்பு வரும். வேலைக்கான விண்ணப்பத்தில், 'உங்கள் நிறுவனத்தின் மேக்னிஃபிகல் வளர்ச்சி' என்று எழுதினாலும் அதே கதைதான். சிரித்தால்கூடப் பரவாயில்லை, 'ஸ்பெல்லிங்கே தெரியவில்லை' என்று ஒதுக்கிவிட்டால் நஷ்டம் உங்களுக்கு. தேர்விலும் சிவப்பு மை சுழிக்க வாய்ப்பு அதிகம்.

மேக்னிஃபிசன்ட்டையும் கண்ட இடத்தில் போடக் கூடாது. அரண்மனை, மலைக்காட்சி, அபாரமான ஆட்டம் இவற்றுக்குப் பொருந்தும். கடன் தொகை எவ்வளவு பெரிதானாலும் அது 'ஹ்யூஜ்' தான்!

பழைய பைபிளைச் சபையில் வாசிக்கும்போது மட்டும் தயங்காமல் 'மேக்னிஃபிகல்' என்றே வாசியுங்கள். அழுத்தம் 'னிஃ' மீது விழட்டும். அங்கே அதைத் திருத்தினால்தான் தவறு.