மூதாதையரைத் தேடுவோருக்கு ஆவணம் எங்கே?

தம்பானூரிலிருந்து நெடுமங்காடு, பாலோடு, மடத்தறை வழியாகச் செங்கோட்டை செல்லும் நெடுஞ்சாலையில் குளத்தூப்புழை அமைந்துள்ளது. இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்காக இங்கும் ஆயிரநல்லூரிலும் ரப்பர்த் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன. அவற்றை நடத்தும் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976இல் தொடங்கப்பட்டது. அரசுக் கோப்புகள் இக்குடும்பங்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்கின்றன. அவர்களுள் பெரும்பாலோர் பிறந்தது இலங்கையில். பிறந்த மண்ணை விட்டு வந்தவரைத் திரும்பியவர் என அழைப்பது, நடந்த வெளியேற்றத்தைச் சொல்லளவிலேயே மறைத்துவிடுகிறது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டு மாதங்களுக்குள் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. முன்னோர் கப்பலேறிய துறை இல்லாமற்போக, பேரர்கள் இராமேசுவரத்தில் வந்து இறங்கினர்.

இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் பூர்வீக ஊரைத் தேடுவது வெறும் குலவரலாற்று ஆர்வத்தால் அன்று. பட்டியல் சாதியினருக்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10 அன்று குடும்பம் எங்கு வசித்தது என்பது சாதிச் சான்றிதழுக்குரிய அளவுகோல்களுள் ஒன்று. அந்நாளில் கடலுக்கு அப்பால் லயத்தில் வாழ்ந்த குடும்பம் எதைச் சான்றாகக் காட்டும்?

வோல்கா ஜெர்மானியரின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1941 ஆகஸ்ட் 28 அன்று வெளியான சோவியத் ஆணை அவர்களைச் சைபீரியாவுக்கும் கசகஸ்தானுக்கும் நாடுகடத்தியது. ஆயினும் அவர்களின் வழித்தோன்றல்களுக்குத் தேவாலயத் திருமுழுக்குப் பதிவேடுகள், தலைமுறைகள்தோறும் மாறாத குடும்பப் பெயர், கண்காணிப்புக்காகக் காவல்துறை பேணிய கோப்புகள் என மூன்று பிடிமானங்கள் உள்ளன. ஒடுக்கியவர்களின் ஆவணமே பின்னாளில் உறவைக் காட்டும் சாட்சியாயிற்று.

மலையகத் தமிழருக்கு இம்மூன்றும் பெரும்பாலும் வாய்க்கவில்லை. நேட்டாலுக்கும் மொரீசியசுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோருக்குத் தனித்தனிப் பதிவு உண்டு: பெயர், தந்தை பெயர், ஊர், சாதி, உடலடையாளம். இலங்கைக்குச் சென்றோர் கங்காணியின் கூட்டத்தோடு சென்றனர். கங்காணி முறைக்குத் தேவைப்பட்டது தலைக்கணக்கும் கடன் கணக்கும் மட்டுமே. 1921 வரை நீடித்த ‘துண்டு’ முறையில், தொழிலாளியைப் பற்றிய முதன்மையான செய்தி அவர் பட்ட கடன்தான்.

எஞ்சிய பதிவுகளை வாசிப்பதிலும் மொழியியல் இடர்ப்பாடு உண்டு. ஆங்கில எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. குறில் நெடில் வேறுபாடு மறைகிறது. தந்தை பெயரே முதலெழுத்தாகும் மரபில், ஒவ்வொரு தலைமுறையிலும் அடையாளம் மாறுகிறது. புதூர், புதுப்பட்டி போன்ற ஊர்ப்பெயர்களோ வட்டத்துக்கு வட்டம் உள்ளன.

ஆயினும் வேறு சான்றுகள் உள்ளன. குலதெய்வத்தின் பெயர், அக்கோயில் அமைந்த இடம், கொள்வினை கொடுப்பினை உறவுகள், உறவுமுறைச் சொற்கள், ஒப்பாரியில் வரும் ஊர்ப்பெயர்கள் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தும்போது தேடலின் எல்லை ஒரு மாவட்டத்திலிருந்து சில ஊர்களாகக் குறுகும். தமிழகத்துக் குலதெய்வக் கோயில்களின் தலைக்கட்டு வரிக் கணக்கோடு ஒப்பிட்டால் மேலும் குறுகும்.

வாய்மொழியை எவரும் புனையலாம் என்ற மறுப்பு எழக்கூடும். அது முற்றிலும் தவறன்று. ஆனால் தோட்டப் பதிவேடும் கங்காணி வாயால் சொல்ல, எழுத்தர் காதால் கேட்டு எழுதியதே. எழுத்தில் வந்த வாய்மொழிக்கு நம்பகத்தன்மை அளித்துவிட்டு, எழுதப்படாத வாய்மொழியை முற்றாக ஒதுக்குவது ஆய்வுநெறி ஆகாது. இரண்டும் ஒரே சோதனைக்கு உட்பட வேண்டும்.

இப்பணியைச் செய்யத்தக்க நிறுவனங்கள் தொலைவில் இல்லை. காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை இருக்கிறது; திருவனந்தபுரத்தில் மாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது. புனலூர், குளத்தூப்புழைக் குடும்பங்களின் அட்டைகளையும் கடவுச்சீட்டுகளையும் உரியவர் இசைவோடு படியெடுத்து, பெரியோரின் பேச்சையும் ஒலிப்பதிவு செய்தால், அது முதல் தொகுப்பாகும். தமிழக ஆவணக் காப்பகத்தின் புலம்பெயர்வுக் கோப்புகளுக்கு ஊர்வாரியான தமிழ் அட்டவணை உருவாவது அடுத்த படி. சான்றிதழ் வழங்கும் அலுவலர் இத்தகைய தொகுப்பைத் துணைச்சான்றாக ஏற்க அரசு ஆணை பிறப்பிக்க வேண்டும்.

இராமேசுவரக் கப்பல் 1984இல் நின்றது. அதில் வந்த நாளில் இருபது வயதினராக இருந்தோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். முதல் கப்பல்களில் வந்தோர் எண்பதை நெருங்குகின்றனர். பாட்டனின் ஊரைப் பாட்டன் வாயாலேயே கேட்டவர்கள் இவர்கள். இவர்களுக்குப் பின் வருவோருக்கு அச்செய்தி இரண்டாம் கைச் செய்தியாகவே கிட்டும். ஆய்வுத் திட்டங்கள் நிதிக்காகக் காத்திருக்கலாம். ஒலிப்பதிவுக்குக் கைப்பேசி போதும்.