ஞாபகத்துக்கும் குலப்பெருமையா?

காரைக்காலில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் எண்பது வயதுப் பெரியவர்களுக்கு ஞாபகம் கூர்மை, கிளிஞ்சல்மேட்டு மீனவக் கிழவர்களுக்கு மந்தம், இரண்டுக்கும் பரம்பரையே காரணம், ஆகவே முதியோருக்கு நினைவுப் பரிசோதனை முகாம் வீண்செலவு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பத்திக்குப் பத்தி ‘மரபணு’ வருகிறது. அது என்ன செய்கிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

அவர் பிடித்துக்கொண்டிருப்பது 1997-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வை. எண்பது வயதைத் தாண்டிய 240 இரட்டையர் ஜோடிகளைச் சோதித்தார்கள். நினைவாற்றலில் ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாட்டில் ஏறக்குறைய 52 சதவீதத்துக்கு மரபணு காரணம் என்றார்கள். அது சரிதான். ஆனால் ஸ்வீடனில் 1842-லேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் என்று சட்டம் வந்துவிட்டது. வளர்ப்பில் ஏற்றத்தாழ்வு குறையக் குறைய, பிறப்பின் பங்கு பெரிதாகத் தெரியும். ஒரே மாதிரி வளர்ந்தவர்களுக்குள் எடுத்த அந்தக் கணக்கைத் தூக்கிவந்து, பள்ளிக்கூடம் போனவரையும் அதன் வாசலையே மிதிக்காதவரையும் எடைபோடுவது பித்தலாட்டம்.

ஏபிஓஇ மரபணுவின் இ4 வகைக்கும் அல்சைமர் நோய்க்கும் உள்ள தொடர்பு 1993-இல் தெரியவந்தது. அந்த வகை இருந்தும் மறதிநோய் வராதவர்கள் ஏராளம். இல்லாமலே வந்தவர்களும் உண்டு. நோயில்லாத முதியவர்களின் நினைவாற்றலில் அது உண்டாக்கும் வேறுபாடு மிகச் சிறியது. இதை மறைத்துவிட்டு எழுதுவது அறிவியல் ஆகாது, சாதித் திமிர்.

பிரெஞ்சுப் பென்ஷன் பெரியவர்களின் கூர்மைக்கு அவர் காரணம் தேடியிருக்க வேண்டிய இடம் ஹைதராபாத். அங்கே 648 மறதிநோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. இரண்டாவது மொழி தெரிந்தவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தள்ளி வந்திருந்தது; எழுத்தறியாதவர்களிடமும் இது தெரிந்தது. தமிழும் பிரெஞ்சுமாக வாழ்நாள் முழுக்கப் பேசியவர்களைப் பற்றி எழுதுகிறவர் இதை ஏன் தொடவில்லை?

மீனவர்களுக்கு மந்தம் என்கிறாரே, எதைக் கேட்டு அளந்தார்? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லி, பதில் வராவிட்டால் மறதி என்று எழுதினால் குற்றம் கேட்டவருடையது. ஹரியானாவின் பல்லப்கரில் 1990-களில் முதியோரைச் சோதித்தவர்கள், எழுத்தறியாதவர்களுக்கென்றே கேள்விகளைத் திருத்தி அமைத்தார்கள். வலைக்கு முடிச்சுப் போட்டபடி உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம், கச்சான் காற்றில் வலையை எங்கே இறக்கலாம், வியாபாரி தர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று கேட்டுப் பார்க்கட்டும். கூடைக்காரப் பாட்டிமார் நோட்டில்லாமல் கடன் கணக்கு வைத்திருப்பதை அவர் பார்த்ததே இல்லையா?

இவ்வளவுக்கும் மேலே, முகாமே வேண்டாம் என்பதுதான் கொடுமை. காது கேளாமை, பார்வைக் குறைவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, படிப்பின்மை உட்பட மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் மறதிநோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-இல் லான்செட் ஆணையம் சொன்னது. இவற்றில் பெரும்பாலானவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முகாமை நிறுத்தாதீர்கள். கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் முதலில் நடத்துங்கள். காதையும் கண்ணையும் பார்த்து, அழுத்தமும் சர்க்கரையும் அளந்துவிட்டு, அதன்பிறகு ஞாபகத்தைச் சோதியுங்கள்.